வெளியிலும் கேட்குதோ

யுத்தத்தின் கடைசி மாதங்களில், எங்கள் ஊரான உடையார்கட்டை விட்டுக் கடற்கரைப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தபோது, நாங்கள் இருந்த பதுங்குகுழிக்கு மிக அருகில் ஒரு ஷெல் விழுந்தது. மகளுக்கு அப்போது நாலு வயது. அவளை நான் மடிக்குள் அமுக்கிப் பிடித்திருந்தேன். என் கணவர் வாசல் பக்கமாக, எங்களுக்கு மறைப்பாகக் குந்தியிருந்தார். மண் கொட்டி ஓய்ந்த பிறகு ஒருவரை ஒருவர் தடவிப் பார்த்தோம். யாருக்கும் காயமில்லை. அவருடைய வலது காதிலிருந்து மட்டும் நூல்போல இரத்தம் வழிந்தது. அதைப் புறங்கையால் துடைத்துவிட்டு, "எங்கயோ சைரன் அடிக்குது, அம்புலன்ஸ் வருது போல" என்றார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த இடத்துக்கு அம்புலன்ஸ் வரக்கூடிய பாதையும் இல்லை.

அன்று தொடங்கிய சைரன் இன்றுவரை நிற்கவில்லை.

யுத்தம் முடிந்து அகதி முகாமில் இருந்த காலம் முழுக்க அதை வெளியில் கேட்கும் சத்தமென்றே அவர் நம்பினார். தண்ணீர் வரிசையில் நிற்கும்போது சட்டென்று தலையைத் திருப்பிப் பாதையைப் பார்ப்பார். "வருது, வருது, விலகுங்கோ" என்று முன்னால் நிற்பவர்களுக்குச் சொல்வார். அவர்களும் விலகுவார்கள். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் சனம் விலகியது. ஒன்றும் வராது. அவர் வெட்கப்பட்டுக்கொண்டு வாளியைப் பார்த்தபடி நிற்பார். புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தேன். எத்தனையோ பேருக்கு அப்படி ஆகியிருந்தது.

முகாமிலிருந்து வவுனியாவுக்கு அழைத்துப் போனபோது இளம் டொக்டர் ஒருவர் அவரைப் பார்த்தார். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, ஏதோ கருவியைத் தட்டித் தட்டிக் கேட்டு, அக்கறையாகத்தான் பார்த்தார். சிங்களவர். எங்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காகத் தேடித் தேடித் தமிழில் சொன்னார். "உள்ள நரம்பு அடிபட்டது. சத்தம் வெளிய இல்ல. உங்கட தலையில. மருந்து இல்ல. பழகணும்."

"எவ்வளவு காலத்தில பழகும் ஐயா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். "சில ஆக்களுக்குப் பழகும்" என்றார்.

ஊருக்குத் திரும்ப விட்டபோது காணியில் கிணற்றையும் இரண்டு தென்னையையும் தவிர எதுவும் இருக்கவில்லை. தகரம் போட்டுக் கொட்டில் கட்டினோம். அவர் வயலுக்குப் போனார். நான் பழைய தையல் மெசின் ஒன்றை வாங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தேன். எல்லோரும் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். எங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் மாட்டைக் கட்டிக்கொண்டிருக்கும்போதும் அவர் அப்படியே நின்றுவிடுவார்.

"இஞ்சேரும், வெளியிலயும் கேக்குதோ?"

"இல்லையப்பா. ஒண்டும் கேக்கேல்ல."

சில நாட்களில் பிரதான வீதியால் உண்மையிலேயே அம்புலன்ஸ் போகும். அப்போது, "ஓம், இது வெளியிலதான்" என்பேன். அவர் முகத்தில் ஒரு ஆறுதல் தெரியும். இரண்டு சைரனில் ஒன்றாவது மற்றவர்களுக்கும் கேட்கிறதே என்ற ஆறுதல். நாளடைவில் மகளும் இதைப் பழகிக்கொண்டாள். தகப்பன் நிமிர்ந்து பார்த்தால் போதும், கேள்வி வரமுதலே, "இல்லையப்பா, உங்கட தலைக்குள்ள" என்று சொல்லிவிட்டு விளையாடப் போவாள். அந்த வயதுப் பிள்ளை சொல்லவேண்டிய வார்த்தையா அது என்று நினைத்துக்கொள்வேன்.

இரவில் அவர் படுப்பதில்லை என்றே சொல்லலாம். ஊர் அடங்க அடங்க உள்ளே இருப்பது கூடும் என்பார்.

ஊர் திரும்பிச் சில வருடங்களுக்குப் பிறகு, எங்கள் ஒழுங்கை வீதியில் ஏறும் இடத்தில் ஒரு நெல் மில் வந்தது. மில் முதலாளி முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் மனிதர். பல வருடங்கள் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். ஊரில் எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிட்டார்கள். வேலையாட்களுக்கு நேரம் தெரியவேண்டுமென்று மில்லின் கூரையில் அவர் ஒரு சைரன் பூட்டினார். காலையில் வேலை தொடங்க, மதியம் சாப்பாட்டுக்கு விட, பின்னேரம் முடிய.

அது முதல் முதல் அடித்த காலையில் என் அப்பா பாயிலிருந்து துள்ளி எழுந்தார். அவர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இனக்கலவரத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். கடைசிக் காலத்தில் நினைவு தடுமாறிப்போய் எங்களோடு இருந்தார். "சங்கு ஊதிருச்சு. பெரட்டுக்கு நேரமாச்சு, கங்காணி பேர் வெட்டிருவான்" என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல் படலையடிக்குப் போனார். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்க வரிசையில் நிற்பதுதான் பெரட்டு. அதை விட்டு வந்து எத்தனையோ காலம். அப்பாவைத் திருப்பிக் கூட்டிவந்து இருத்துவதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிட்டது. அந்த வருடமே அவர் காலமானார். சாகும்வரை ஒவ்வொரு காலையும் வேலைக்குப் பிந்திவிட்ட பதற்றத்தோடுதான் எழுந்தார்.

என் கணவருக்கு நடந்தது வேறு. மில் தொடங்கிய கிழமையில் ஒரு மதியம், அவர் கிணற்றடி வேலியைக் கட்டிக்கொண்டிருந்தார். சைரன் அடித்தது. கிட்டத்தில் இருந்ததால் நெஞ்சுக்குள் இடிக்கிற சத்தம். அது ஓய்ந்ததும் அவர் கையில் கத்தியோடு அசையாமல் நின்றார். நான் பயந்துபோய் ஓடினேன். அவர் என்னைப் பார்த்துக் கையால் பேசாதே என்று காட்டினார். ஒரு செம்பு தண்ணீர் குடித்து முடிக்கும் நேரம் அப்படி நின்றிருப்பார். பிறகு முகம் மாறியது.

"நிண்டது" என்றார்.

"என்னது?"

"உள்ளுக்க இருக்கிறது. வெளிச் சைரன் நிக்க அதுவும் நிண்டிட்டுது. இப்ப திரும்ப வந்திட்டுது." கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கிணற்றுக் கட்டின் மேல் இருந்தார். "கோழி சருகைக் கிளறுற சத்தம் கேட்டுது. நீர் ஓடி வந்து மூச்சு வாங்கினது கேட்டுது. எனக்கு எல்லாம் கேட்டுது."

மறுநாளிலிருந்து எந்த வேலையில் இருந்தாலும் மதியத்துக்கு அவர் மில்லடிக்குப் போய்விடுவார். கிட்டத்தில் நின்று கேட்டால் அமைதி கொஞ்சம் கூட நேரம் நிற்கும் என்று கண்டுபிடித்திருந்தார். மில் வேலையாட்கள் முதலில் சிரித்தார்கள். "சைரன் அண்ணை" என்று பெயரும் வைத்தார்கள். நானா விசயத்தைக் கேட்டறிந்துகொண்டு, சைரனுக்கு நேர் கீழே அவர் உட்கார ஒரு கதிரை போடுவித்தார். என் கணவர் அதில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ளும் சத்தத்தைக் கோயிலில் இருப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பார். அது நின்றதும் உமி பறப்பது, காகம் வந்து கூரையில் இருப்பது, வேலையாட்கள் கை கழுவுவது, எல்லாவற்றையும் கேட்பார்.

வீட்டுக்கு வரும்போது வேறு ஆளாக வந்தார். அந்தச் சிறு இடைவெளியை நினைத்துக்கொண்டு மீதி நாளை அவரால் கடக்க முடிந்தது. மகளுக்குச் சைக்கிள் பழக்கினார். சாமத்தில் எழுந்து நடப்பது குறைந்தது. எங்கள் கலியாண வாழ்க்கையில் நல்ல காலம் எதுவென்று கேட்டால் அந்த இரண்டு வருடங்களைத்தான் சொல்வேன்.

அடுத்த வளவு அக்கா பிந்தித்தான் ஊருக்கு வந்தார். அதுவரை வட்டக்கச்சியில் தமையன் வீட்டில் இருந்தவர். தனி ஆள். அவருக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் இருந்தார்கள். அவர் தண்ணீர் அள்ளப் போயிருந்த நேரத்தில் கிபிர் விமானம் வந்து வீட்டின் மேல் குண்டு போட்டது. இருவரும் வீட்டுக்குள் இருந்தார்கள். தன் சொந்தக் காணியில் சாகவேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்திருந்தார்.

அக்கா வந்த மறுநாள் மதியம் சைரன் அடித்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ விழும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். வாய்க்காலுக்குள் குப்புறக் கிடந்தார். முகம் சேற்றுக்குள் அமிழ்ந்திருந்தது. கைகள் தலைக்கு மேல் கோர்த்திருந்தன. தூக்கி இருத்தி, "அக்கா, அது மில். சாப்பாட்டுக்கு அடிக்கிறவை" என்றேன்.

"தெரியும்" என்றார். வாயிலிருந்த சேற்றைத் துப்பினார். "மில் எண்டு எனக்குத் தெரியும். என்ர உடம்புக்குத் தெரியேல்லையே, பிள்ளை."

அந்தச் சைரன் தாழத் தொடங்கி மெல்ல மெல்ல ஏறி உச்சிக்குப் போகும். கிபிர் பதிந்து வரும்போது இப்படித்தான் ஏறும் என்று அக்கா சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மதியமும் நான் தையலை நிறுத்திவிட்டு முன்கூட்டியே வேலியடிக்குப் போய், "அக்கா, இப்ப அடிக்கப் போகுது" என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லியும் பிரயோசனம் இல்லை. முன்கூட்டித் தெரிந்தது பயத்தை முன்கூட்டித் தொடக்கியது, அவ்வளவுதான். காலையிலிருந்தே வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். உலை வைக்க முடியாமல் இருந்தார். ஆள் இளைத்து எலும்பும் தோலுமானார். ஒழுங்கையில் வேறு இரண்டு மூன்று பெண்களும் தங்களுக்கும் அப்படித்தான், வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது என்றார்கள்.

எல்லோருமாகச் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நானாவிடம் போனோம். என்னையும் வரச் சொன்னார்கள். போகாமல் இருக்க அவர்களிடம் என்னால் காரணம் சொல்ல முடியவில்லை. என் கணவரும் பின்னால் வந்தார். மில் முற்றத்தில் நெல் காயப்போடும் சீமெந்துத் தளத்தில் எல்லோரும் நின்றோம். பெண்கள் சொன்னதை நானா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"தொண்ணூறில எங்கட ஆக்களை ஊரை விட்டு வெளிக்கிடச் சொல்லி ஸ்பீக்கரிலதான் அறிவிச்சவங்க" என்றார். "இண்டைக்கும் ஸ்பீக்கர் கட்டின வாகனம் ஊருக்குள்ள வந்தா எங்கட உம்மா பாயைச் சுருட்டத் தொடங்கிருவா. எனக்கு இது விளங்கும். நான் நிப்பாட்டுறன்."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "நானா, இவருக்கு அதுதான் மருந்து. அந்தச் சத்தம் இல்லாட்டி இவருக்கு ஒரு நிமிசமும் நிம்மதி இல்லை. மத்தியானத்தில மட்டும் விடுங்கோ. ஒரு தரம் மட்டும்."

அக்கா என் பக்கம் திரும்பினார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே பதில் தெரியவேண்டும் என்பதுபோலக் கேட்டார்.

"அப்ப உன்ர மனுசன் ஒரு நிமிசம் நிம்மதியா இருக்க, நான் ஒவ்வொரு நாளும் பிள்ளையளைச் சாகக் குடுக்கோணுமோ?"

அவர் சொன்னது சரி. நான் கேட்டதும் பிழையில்லை. யுத்தம் முடிந்த பிறகும் எங்களைப் போன்றவர்களுக்கு ஒருவரின் வாயிலிருந்து பிடுங்கித்தான் மற்றவருக்கு ஊட்ட வேண்டியிருந்தது.

என் கணவர் முன்னால் வந்தார். "நிப்பாட்டுங்கோ நானா" என்றார். "எனக்குக் காது மட்டும்தான். அவாவுக்கு அப்படி இல்லை." பிறகு தளத்தைக் கடந்து வீட்டுப் பக்கம் நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

நானா சைரனைக் கழற்றிவிட்டுத் தண்டவாளத் துண்டொன்றைக் கட்டித் தொங்கவிட்டார். இரும்புக் கம்பியால் அதில் தட்டுவார்கள். அந்த மணி என் கணவரின் காதுக்குப் போதவில்லை. அக்காவின் பயமும் முற்றாக நிற்கவில்லை. அவர் சமைக்கத் தொடங்கினார், உண்மை. ஆனால் சைரன் இல்லாத மதியங்களிலும் அந்த நேரத்துக்கு உடம்பு காத்திருக்கிறது என்றார். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து கிடந்து இறந்துபோனார். அவருடைய காணி இப்போது பற்றைக்காடு.

அக்கா இறந்த பிறகு சைரனைத் திருப்பிப் பூட்டச் சொல்லலாமே என்று ஒருவர் கேட்டார். அந்தச் சத்தத்துக்குப் பயந்த மற்றப் பெண்கள் இன்னும் இருந்தார்கள். என் கணவரும் சம்மதிக்கவில்லை.

மகள் அப்போது ஓரளவு வளர்ந்திருந்தாள். கைத்தொலைபேசியில் எங்கிருந்தோ சைரன் சத்தங்களைத் தேடி எடுத்துத் தகப்பனின் காதுக்குள் இயர்போனை வைத்துவிட்டாள். பொலிஸ், தீயணைப்பு, கப்பல் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். முதல் சில நாட்கள் ஏதோ கொஞ்சம் நின்றதாகச் சொன்னார். அவளுடைய மனம் நோகக்கூடாதென்று சொன்னாரோ தெரியாது. பிறகு அடிபட்ட காது வீங்கி வலித்தது. உள்ளே இருந்தது முன்னையதைவிட ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில், இனிமேல் காதில் எதையும் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் கடற்கரைக் கோபுரத்தைப் பற்றி யாரோ சொன்னார்கள். சுனாமி வந்தால் எச்சரிக்க முல்லைத்தீவுக் கரையில் கட்டிய கோபுரம். இடைக்கிடை அதைச் சோதித்துப் பார்ப்பார்கள், நாலு ஊருக்குக் கேட்கும் என்றார்கள். அடுத்த சோதனை எப்போதென்று விசாரித்துக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வெளியூர்ப் பயணம் என்று நாங்கள் போய் நீண்ட காலம். புதுக்குடியிருப்புக்கு அப்பால் பஸ்ஸின் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. மாற்றி எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது.

கோபுரத்தின் கீழ் ஒருவரும் இருக்கவில்லை. பக்கத்தில் ஒரு பெண் பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"சைரன் அடிச்சு முடிஞ்சுதோ அக்கா?"

"ஓம், காலமை அடிச்சு முடிச்சிட்டினம்" என்றவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், எங்க இருந்து வாறீங்கள்?"

உடையார்கட்டிலிருந்து அதைக் கேட்கத்தான் வந்தோம் என்றேன். அவர் கையிலிருந்த கருவாட்டைப் பாயில் வைத்துவிட்டு எழுந்தார்.

"கேக்கவோ? அது அடிக்கக்கூடாதெண்டு நாங்கள் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துறம். சும்மா சோதிக்கிறாங்கள் எண்டு தெரிஞ்சும் காலமை என்ர மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினவள். இன்னும் வீட்டுக்கு வரேல்ல. நீங்கள் பஸ் ஏறிக் கேக்க வந்திருக்கிறீங்கள்."

என் கணவர் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். ஏன் வந்தோம் என்று சொல்லவில்லை. கொஞ்சநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு மணலில் இருந்தோம். அலைச் சத்தம் கொஞ்சம் மறைக்குதோ என்று கேட்டேன். "அலை விட்டு விட்டு வருது. இது விடாமல் வருது" என்றார். கொண்டுபோன புட்டை அவர் சாப்பிடவில்லை. அடுத்த முறை நேரத்தோடு வருவோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நித்திரை இல்லை என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டார். வீதியால் அம்புலன்ஸ் போனாலும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எது உள்ளே, எது வெளியே என்று பிரித்து அறியவேண்டிய தேவை அவருக்கு இல்லாமல் போய்விட்டது. "வெளியிலதானப்பா" என்று நானாகச் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டுவார். அவ்வளவுதான். ஒரு மனிதர் கேள்வி கேட்பதை நிறுத்தும்போது வீடு இவ்வளவு வெறுமையாகும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மகளைக் கட்டிக்கொடுத்தோம். வவுனியாவில் இருக்கிறாள். இப்போது என் கணவர் வீட்டில் இருப்பதும் குறைவு. வீட்டுக்குப் பின்னால், வயலைத் தாண்டி எங்களுக்குக் கொஞ்சம் மேட்டுக்காணி உண்டு. அங்கே கச்சான் கடலையும் மிளகாயும் போட்டிருக்கிறோம். தண்ணீர் இறைக்கும் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு அதிலேயே இருக்கிறார். மெசின் ஓடும்போது அந்த இரைச்சலுக்குள் சைரன் கொஞ்சம் அமிழ்ந்துவிடும். நிற்பதில்லை, அமிழும். அதுவே போதும் என்கிறார். தேவைக்கு மேல் இறைத்துப் பயிர் அழுகியதும் உண்டு. டீசல் கிடைக்காமல் சனம் வரிசையில் நின்ற காலத்தில் அவர் பட்ட பாட்டை எழுத எனக்கு மனமில்லை. தலையைத் தென்னையில் முட்டிக்கொண்டு நின்றார். நான் அவருடைய நெற்றிக்கும் மரத்துக்கும் நடுவில் என் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

நான் மதியச் சாப்பாட்டைக் கொண்டுபோவேன். மெசின் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலில் நான் பேசினாலும் அவருக்குக் கேட்காது. கறியைக் காட்டிப் போதுமா என்று கையால் கேட்பேன். கையால் பதில் சொல்வார். மகள் பேசியதாக, பேரப்பிள்ளை தவழ்வதாகச் சொல்லவேண்டியிருந்தால் வாயசைத்துச் சொல்வேன். பாதி விளங்கும். மெசினை நிற்பாட்டிவிட்டுச் சொல்லலாம்தான். நிற்பாட்டினால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியாது.

போன கிழமை நான் போய்ச் சேர்ந்த நேரத்தில் டீசல் முடிந்து மெசின் தானாக நின்றது. ஊரே அமைதியாக இருந்தது. எங்கோ ஒரு கொக்கு கத்தியது. நான் இதுதான் தருணமென்று மகள் இரண்டாவது பிள்ளை சுமக்கிறாள் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோசம் வந்ததையும் கண்டேன். ஆனால் நெற்றி நரம்பு புடைத்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டார்.

"நல்லது" என்றார். "நீர் சொன்னது வடிவாக் கேட்டுது."

பிறகு டீசல் கானை என் பக்கம் தள்ளினார். "கெதியாப் போய்க் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வாரும்."

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். வரம்பு முடியும் இடத்தில் திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கொட்டில் வாசலில் குந்தியிருந்தார்.